சிறிய விமான நிலையத்திலிருந்து பறப்பது எப்படி: டிக்கெட் எடுப்பதிலிருந்து பெட்டி கைக்கு வருவதுவரை

பெரிய விமான நிலையங்களில் பழகியவர்கள் சிறிய முனையத்துக்கு ஒரு தப்புக்கணக்கோடு வருவார்கள்: "இடம்தான் சின்னதாச்சே, கடைசி நேரத்தில் போனால் போதும்." நடக்க வேண்டிய தூரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அங்கே எல்லாமே ஒவ்வொன்றுதான் இருக்கும்: ஒரு எக்ஸ்ரே இயந்திரம், ஒரு கேட், நாளுக்கு இரண்டு மூன்று புறப்பாடுகள். கவுண்டரில் உங்கள் பெட்டியை எடைபோட்ட அதே ஊழியர்தான் சற்று நேரத்தில் கேட்டில் போர்டிங் பாஸைச் சரிபார்ப்பார். பிறகு விமானத்தின் அடியில் போய் நிற்பார். அவர் கவுண்டரை விட்டு எழுந்துவிட்டால் அந்த வேலையைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. சிறிய நிலையத்தில் மிச்சமாவது நடை. தவறினால் பிடித்துக்கொள்ள அடுத்த வாய்ப்பு மட்டும் அங்கே இருக்காது. கீழே உள்ள படிகள் எல்லாமே இதை வைத்துத்தான்.

படி 1: டிக்கெட் எடுக்கும்போது

முதலில் எந்த வகை விமானம் என்று பாருங்கள். முன்பதிவுப் பக்கத்தில் மூன்றெழுத்துக் குறியீடாக அது இருக்கும். ஏ.டி.7 என்றால் ஏ.டி.ஆர். 72. டி.ஹெச்.4 என்றால் டேஷ் 8-400. இ75 என்றால் எம்ப்ரேயர் 175. முதல் இரண்டும் ப்ரொப்பெல்லரில் ஓடும் டர்போப்ராப் வகை, மூன்றாவது ஜெட். மூன்றிலுமே நடுவில் ஒரே நடைபாதை, இருபுறமும் இரண்டிரண்டு இருக்கைகள், சுமார் 70 முதல் 90 பேர் வரை. எந்த வகை என்று தெரிந்தால், உங்கள் கைப்பெட்டி மேல்தட்டில் ஏறுமா, எந்த வரிசை சத்தமில்லாதது, எந்தக் கதவு வழியாக ஏறுவோம் என்ற மூன்றுக்கும் பதில் முன்பே கிடைத்துவிடும்.

அடுத்து, நாளின் எந்த நேரத்து விமானம் என்பது. சிறிய நிலையத்தில் இரவில் விமானம் தங்குகிறதா, அல்லது காலையில் வேறு ஊரிலிருந்து வந்து திரும்புகிறதா என்பது முக்கியம். முந்தைய இரவே வந்து நிற்கும் விமானம் காலையில் நேரத்துக்குக் கிளம்ப வாய்ப்பு அதிகம். காலையில்தான் வந்து சேர வேண்டும் என்றால், அது கிளம்பும் ஊரின் மூடுபனியும் உங்கள் ஊரின் மூடுபனியும் சேர்ந்தே உங்களைத் தாமதப்படுத்தும். முந்தைய நாள் கடைசியாக வந்திறங்கும் விமானத்தின் நேரத்தையும் மறுநாள் முதல் புறப்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இதை ஓரளவு ஊகிக்கலாம்.

நாளின் கடைசி விமானத்துக்கு வேறொரு ஆபத்து உண்டு. பல சிறிய நிலையங்களின் கட்டுப்பாட்டுக் கோபுரம் 24 மணி நேரமும் இயங்குவதில்லை. கோபுரத்தின் வேலை நேரம் முடியும்வரை தாமதம் நீண்டால், நீட்டிப்பு கிடைக்காதபோது விமானம் ரத்தாகிவிடும். விமானக் குழுவினரின் பணிநேர வரம்பும் அப்படித்தான். பெரிய நிலையத்தில் மாற்றுக் குழு காத்திருக்கும். சிறிய நிலையத்தில் வந்த குழுவே திரும்ப வேண்டும்.

இணைப்பு விமானம் இருந்தால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்து, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அவர்கள் கணக்கில் நீங்கள் வராத பயணி. ஒரே டிக்கெட் என்றால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை. கட்டண வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

சக்கர நாற்காலி தேவைப்படுவோர் குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஏரோபிரிட்ஜ் இருக்காது, படிக்கட்டுதான். தூக்கு வண்டியோ சாய்தளமோ அந்த நிலையத்தில் இருக்கிறதா, இல்லையென்றால் எப்படி ஏற்றுவார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். "படியேற முடியும்", "சில படிகள் மட்டும்", "அறவே முடியாது" என்ற மூன்றில் எது என்று தெளிவாகச் சொன்னால்தான் சரியான ஏற்பாடு நடக்கும். சொந்த மின்நாற்காலியாக இருந்தால் உயரம், எடை, பேட்டரி வகை மூன்றையும் முன்கூட்டியே கொடுங்கள். இந்த விமானங்களின் சரக்குக் கதவு சிறியது. மடிக்க முடியாத நாற்காலி நுழையாமல் போகலாம்.

படி 2: பெட்டி கட்டும்போது

சிறிய விமானப் பயணத்தில் அதிகம் பேர் சிக்கிக்கொள்வது இங்கேதான். பெரிய ஜெட்டில் மேல்தட்டில் ஏறிய அதே சக்கரப் பெட்டி, டர்போப்ராப்பின் மேல்தட்டில் ஏறாமல் போகலாம். நீளமோ அகலமோ அல்ல, பெட்டியின் தடிமன்தான் பெரும்பாலும் இடிக்கும். நிறுவனத்தின் தளத்தில் பொதுவான கைப்பெட்டி அளவுக்குக் கீழே டர்போப்ராப் விமானங்களுக்கென்று தனி அளவு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். துணிப்பை அமுங்கும், கெட்டி ஓட்டுப் பெட்டி அமுங்காது.

ஏறாத பெட்டிகளைப் படிக்கட்டின் அடியிலோ கேட்டிலோ வாங்கி, டேக் கட்டி, சரக்கறையில் போடுவார்கள். இது சகஜம், கட்டணமும் பொதுவாக இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் பெட்டியைத் திறந்து பொருள் தேட நேரமிருக்காது. அதனால் கைப்பெட்டிக்குள் ஒரு சிறிய பையைத் தனியாக, ஒரே இழுப்பில் வெளியே வரும்படி வையுங்கள். அதில் இருக்க வேண்டியவை: பவர் பேங்க், தனி பேட்டரிகள், இ-சிகரெட் இருந்தால் அது, மருந்துகள், பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, பணம், நகை, வீட்டுச் சாவி.

பவர் பேங்க் விஷயத்தில் கவனக்குறைவு கூடாது. தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி சரக்கறைக்குப் போகவே கூடாது என்பது உலகம் முழுவதும் உள்ள விதி. பயணிகள் இருக்கும் பகுதியில் தீப்பிடித்தால் உடனே கண்டு அணைக்கலாம், சரக்கறையில் முடியாது. வரம்பு 100 வாட் அவர் (Wh, பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவு). பவர் பேங்கில் மில்லி ஆம்ப் அவர் (mAh) மட்டும் போட்டிருந்தால், அதை 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 10,000 என்றால் 37 வாட் அவர். 20,000 என்றால் 74. 27,000 கிட்டத்தட்ட 100. 30,000 வரம்பைத் தாண்டி 111 ஆகிவிடும். 100-க்கு மேல் 160 வரை என்றால் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும், அதுவும் அதிகபட்சம் இரண்டு. 160-க்கு மேல் எடுத்துச் செல்லவே முடியாது. மேலே அச்சிட்ட எண்கள் அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, வாதாடிப் பயனில்லை. இப்போது பல நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடுவதையே தடுத்துவிட்டன.

சரக்கில் போடும் பெட்டியின் எடையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். எடை வரம்பில் சிறிய விமானங்கள் கறாராக இருப்பதற்குக் காசு மட்டும் காரணமல்ல. ஓடுபாதை குட்டையாக இருப்பது ஒரு பக்கம்; வெயிலும் கொளுத்தினால் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்குவிசை குறையும், எஞ்சினுக்கு வலு குறையும். அந்த நேரத்தில் விமானம் தூக்கக்கூடிய எடையும் இறங்கிவிடும். அந்த நிலையத்தில் எரிபொருள் நிரப்பும் வசதி இல்லையென்றால், திரும்பும் பயணத்துக்கான எரிபொருளையும் வரும்போதே சுமந்து வந்திருக்கும். அப்போது முதலில் குறைப்பது பெட்டிகளைத்தான்; அடுத்துதான் ஆட்களை. மறுநாள் காலையில் கட்டாயம் வேண்டிய பொருளைச் சரக்கில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

படி 3: வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்

நிறுவனம் அனுப்பும் "சரியான நேரத்தில்" என்ற குறுஞ்செய்தியை முழுதாக நம்ப வேண்டாம். உங்களை ஏற்றிச் செல்லப்போகும் விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃப்ளைட்ரேடார்24 போன்ற செயலியில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், பெரும்பாலும் பதிவெண் தெரியும். அந்தப் பதிவெண்ணைத் தொட்டால் அது முந்தைய பயணத்தில் எப்போது கிளம்பியது என்று காட்டும். ஏ.டி.ஆர். வகை விமானம் வந்திறங்கி, ஆளை இறக்கி, ஏற்றி, திரும்பக் கிளம்ப 25 முதல் 30 நிமிடம் வேண்டும். அது இன்னும் கிளம்பவே இல்லையென்றால், உங்கள் தாமதம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் அதற்காக வீட்டிலிருந்து தாமதமாகக் கிளம்பாதீர்கள். விமானம் தாமதமானாலும் கவுண்டர் பழைய நேரத்துக்கே மூடப்படுவது உண்டு.

வானிலைக்கும் ஒரு பார்வை. விமான நிலையங்களின் வானிலை அறிக்கைக்கு மெட்டார் என்று பெயர். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் நான்கு இலக்க எண்ணாக வருவது மீட்டரில் பார்வைத்தூரம் (சில நாடுகளில் மட்டும் மைலில் இருக்கும்). 9999 என்றால் 10 கிலோமீட்டரோ அதற்கு மேலோ. எஃப்.ஜி. என்ற எழுத்துகள் மூடுபனியையும் டி.எஸ். இடிமழையையும் குறிக்கும். பெரிய நிலையங்களில் ஐ.எல்.எஸ். என்ற தரையிறங்கு கருவி இருக்கும். அதன் முதல் நிலையிலேயே 550 மீட்டர் பார்வைத்தூரத்தில் இறங்கலாம். அந்தக் கருவி இல்லாத நிலையத்தில் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் வரை தேவைப்படுவது சகஜம். பெரிய ஊரில் விமானங்கள் வழக்கம்போல் இறங்கிக்கொண்டிருக்க, உங்கள் விமானம் மட்டும் வானில் வட்டமடித்துவிட்டுத் திரும்பிப் போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். விமானியின் தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

படி 4: முனையத்துக்குள்

புறப்பாட்டுக்கு 90 நிமிடம் முன்பு போய்ச் சேர்ந்தால் உள்நாட்டுப் பயணத்துக்குப் போதும். மூன்று மணி நேரம் முன்பே போனால் கதவே பூட்டியிருக்கலாம். கவுண்டரும் பாதுகாப்புச் சோதனையும் ஒவ்வொரு விமானத்துக்கும் திறந்து, முடிந்ததும் மூடப்படும். கவுண்டர் மூடும் நேரம் நிறுவனத்தைப் பொறுத்து 30 முதல் 60 நிமிடம் முன்பு. டிக்கெட்டில் உள்ள அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிலையம் ராணுவ விமானத்தளத்தோடு சேர்ந்திருந்தால், வெளிவாசலிலேயே ஒரு சோதனை இருக்கும். வழியனுப்ப வருபவர்களை அங்கேயே நிறுத்தலாம். படம் எடுக்கக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஜன்னல் திரையை மூடச் சொல்லலாம்.

மொபைலில் போர்டிங் பாஸ் இருந்தாலும் ஒரு நகலைத் தாளில் வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பும் ஸ்கேனரும் தகராறு செய்யும் இடங்கள் இவை.

பெட்டியில் டேக் ஒட்டியதும், அந்த மூன்றெழுத்து நிலையக் குறியீடு நீங்கள் கடைசியாகப் போய்ச் சேரும் ஊருடையதா என்று பாருங்கள். நடுவழி ஊரின் குறியீடு இருந்தால் அங்கே பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டிவரும். சில நாடுகளில், வெளிநாட்டிலிருந்து முதலில் இறங்கும் நிலையத்தில் சுங்கச் சோதனைக்காக எப்படியும் பெட்டியை எடுத்துக் காட்டியே ஆக வேண்டும். "எங்கே எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. டேக்கின் நறுக்கில் 10 இலக்க எண் இருக்கும், அதைப் படம்பிடித்து வையுங்கள்.

பாதுகாப்புச் சோதனை அதே விதிகள்தான், ஆள்தான் குறைவு. வெளிநாட்டு விமானம் என்றால் பெரும்பாலும் திரவங்கள் 100 மில்லி புட்டிகளில், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் பைக்குள். உள்நாட்டு விதி நாட்டுக்கு நாடு மாறும். கவனிக்க வேண்டியது ஒன்று: சோதனை முடிந்து உள்ளே போனால் ஒரு கூடம், சில வரிசை நாற்காலி, ஒரு கழிப்பறை, அவ்வளவே இருக்கலாம். கடை இருந்தாலும் மூடியிருக்கலாம். சாப்பாட்டை முன்பே முடித்துவிட்டு, காலிக் குப்பியை உள்ளே கொண்டுபோய்த் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். இளைப்பாறும் அறை, பணம் மாற்றுமிடம், ஏ.டி.எம். இதையெல்லாம் எதிர்பார்த்து வர வேண்டாம்.

அறிவிப்பு ஒலிபெருக்கியில் வரலாம், அல்லது ஓர் ஊழியர் எழுந்து நின்று குரல் கொடுக்கலாம். காதில் ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால் இரண்டும் கேட்காது.

படி 5: தளத்தில் நடப்பது

கேட்டைத் தாண்டினால் திறந்தவெளி. மழையோ வெயிலோ அதில் நடந்துதான் விமானத்துக்குப் போக வேண்டும். பேருந்து இருந்தால் அதிர்ஷ்டம். தரையில் வரைந்த பாதைக்குள்ளேயே, ஊழியர் காட்டும் வழியில் நடங்கள். இறக்கைக்கு அடியில் குறுக்கே போகாதீர்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். தொப்பி, காகிதம், பிளாஸ்டிக் உறை எதுவும் பறந்து போக விடக்கூடாது. எஞ்சினுக்குள் போனால் விமானம் கிளம்பாது. பறந்தே போய்விட்டால் பின்னால் ஓடாமல் ஊழியரிடம் சொல்லுங்கள். சுழலும் ப்ரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது, ஆபத்து அங்கேதான். நின்றிருந்தாலும் தொடக் கூடாது.

ஏ.டி.ஆரில் ஒரு விநோதம் உண்டு. பயணிகள் ஏறும்போது வலப்பக்க எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கலாம், அதன் ப்ரொப்பெல்லர் மட்டும் அசையாமல் நிற்கும். ஜெட் விமானங்களில் தரையில் மின்சாரம் தரும் துணை எஞ்சின் உண்டு, இதில் இல்லை. அதனால் ப்ரொப்பெல்லருக்குப் பிரேக் போட்டுவிட்டு அந்த எஞ்சினையே மின்சாரத்துக்கும் குளிர்காற்றுக்கும் ஓட்டுகிறார்கள். சத்தத்தைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. வாலின் அடியில் ஒரு கம்பு முட்டுக்கொடுத்திருப்பதும் கண்ணில் படலாம். ஆட்கள் பின்கதவு வழியாக ஏறுவதால் விமானம் பின்பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்கத்தான் அது.

படி 6: இருக்கையில்

ஏ.டி.ஆரில் ஏறுவதும் இறங்குவதும் பின்கதவில். அதாவது 1-ஆம் வரிசைக்காரர் கடைசியாக இறங்குவார். இணைப்பு விமானத்துக்கு ஓட வேண்டியவர்கள் பின்வரிசை எடுப்பதே புத்திசாலித்தனம். சத்தமும் அங்கேதான் குறைவு. ப்ரொப்பெல்லருக்கு நேரான முன்பக்க வரிசைகளில் இரைச்சலும் அதிர்வும் அதிகம். ஆனால் கழிப்பறை வழக்கமாகப் பின்னால்தான் இருக்கும். டேஷ் 8-400-இல் பயணிகள் பொதுவாக முன்கதவில் ஏறுகிறார்கள், இறங்கும் கணக்கு அப்படியே தலைகீழ். இரண்டிலும் இறக்கை தலைக்கு மேலே இருப்பதால், எந்த ஜன்னலிலிருந்தும் கீழே நிலம் தெரியும்.

பாதி காலியாக இருந்தாலும் நீங்களாக இடம் மாறாதீர்கள். எடை முன்பின் சரியாகப் பரவியிருக்க வேண்டும் என்பதால், பணிப்பெண்ணே சிலரை முன்னாலோ பின்னாலோ மாற்றி உட்காரச் சொல்லலாம். 19 இருக்கையோ அதற்கும் குறைவோ உள்ள ட்வின் ஆட்டர், கேரவன் போன்ற குட்டி விமானங்களில் உங்களையே தராசில் நிறுத்தி எடை பார்க்கலாம். அவற்றில் பெரும்பாலும் பணியாளரும் இருக்கமாட்டார், கழிப்பறையும் இருக்காது.

டர்போப்ராப் பொதுவாக 25,000 அடிக்கு மேல் போவதில்லை. குறுகிய பயணத்தில் அதற்கும் வெகு கீழேதான் பறக்கும். ஜெட்டைப் போல மேகக்கூட்டத்தின் மேலே ஏறிப் போக முடியாததால் குலுக்கல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். வாந்தி வரும் உடல்வாகு என்றால் மாத்திரையை அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொண்டு, இறக்கைக்கு அருகில் உள்ள வரிசையைக் கேளுங்கள். குலுக்கல் அங்கே குறைவு. தரையில் நிற்கும்வரை உள்ளே புழுக்கமாக இருக்கலாம், கிளம்பியதும் சரியாகிவிடும்.

படி 7: தாமதமோ ரத்தோ ஆனால்

தாமதம் என்றால் எழுந்து வெளியே போகாதீர்கள். விமானம் வந்துவிட்டால் ஆட்களை ஏற்றுவது பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் காரணத்தைப் பொறுத்தே காத்திருப்பு. காலை மூடுபனி வெயில் ஏறினால் விலகும். இடிமழை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். இயந்திரக் கோளாறு என்றால் கதை வேறு. சிறிய நிலையத்தில் பொறியாளரும் உதிரிபாகமும் இல்லாமல், இரண்டும் வேறு ஊரிலிருந்து வர வேண்டியிருக்கும். அப்போது மாற்று ஏற்பாட்டை உடனே தொடங்குங்கள்.

ரத்தானால் கவுண்டர் வரிசையில் நின்றுகொண்டே செயலியிலும் வாடிக்கையாளர் எண்ணிலும் முயலுங்கள். கவுண்டரில் இருப்பவர் பல இடங்களில் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். டிக்கெட்டை மாற்றும் அதிகாரமே அவருக்கு இருக்காது. அடுத்த விமானத்தில் மீதமிருப்பது பத்து இடமாக இருக்கலாம், நிற்பவர்களோ எழுபது பேர். அடுத்த விமானத்தை மட்டும் கேட்காமல், சாலை வழியாகப் போகக்கூடிய பெரிய நிலையத்திலிருந்து மாற்றித் தரச் சொல்லுங்கள். அந்த ஊருக்குப் பேருந்தும் ரயிலும் எப்போது என்று முன்பே பார்த்து வைத்திருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

இங்கே இரண்டு எச்சரிக்கை. சரக்கில் போட்ட பெட்டியை வாங்காமல் வெளியேறாதீர்கள். இரண்டாவது, இருவழி டிக்கெட்டோ இணைப்பு டிக்கெட்டோ வைத்திருப்பவர்கள் "நானே காரில் போய் அடுத்த விமானத்தைப் பிடித்துக்கொள்கிறேன்" என்று கிளம்பினால், முதல் கட்டத்தில் வராததால் மீதிப் பயணம் முழுவதும் தானாக ரத்தாகிவிடலாம். நிறுவனம் டிக்கெட்டிலேயே மாற்றிப் பதிந்து, புதிய உறுதிச்சீட்டு கைக்கு வந்த பிறகே கிளம்ப வேண்டும்.

படி 8: போய் இறங்கியதும்

படிக்கட்டில் டேக் கட்டி வாங்கிய பெட்டி, ஒன்று விமானத்தடியிலேயே திரும்பக் கிடைக்கும், அல்லது பெல்ட்டுக்கு வரும். எது என்று கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். போய்ச் சேரும் இடமும் சிறிய நிலையம் என்றால் டாக்ஸி விமான நேரத்துக்குத்தான் வரும். தாமதமாக இறங்கினால் வாசல் காலியாக இருக்கும். ஓட்டுநரை முன்பே பேசி வைத்து, விமான எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

பெட்டி வரவில்லை என்றாலும் உடைந்து வந்தாலும் கூடத்தை விட்டு வெளியேறும் முன் புகார்ப் படிவம் எழுதி, அதன் எண்ணை வாங்குங்கள். பி.ஐ.ஆர். என்று கேட்டால் புரியும். பெல்ட் அருகே ஆள் இல்லையென்றால் செக்-இன் கவுண்டருக்குப் போங்கள், அங்கே இருப்பவரே இதையும் பார்ப்பார். எடைக் குறைப்பால் இறக்கிவைத்த பெட்டி என்றால் பெரும்பாலும் அடுத்த விமானத்திலேயே வந்துவிடும். நிறுவனமே வீட்டில் கொண்டுவந்து கொடுக்க முகவரியையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டுப் பயணத்துக்கு 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தம் பொதுவாகப் பொருந்தும். அதே டிக்கெட்டில் உள்ள உள்நாட்டுக் கட்டமும் அதில் அடங்கும். அதன்படி சேதத்துக்குப் பெட்டி கிடைத்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு அந்தந்த நாட்டு விதி. இடைப்பட்ட நாளில் வாங்கிய அவசியப் பொருள்களின் ரசீதுகளையும், டேக் நறுக்கையும் போர்டிங் பாஸையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.